ஆப்பைப் பார்த்துக்கொண்டே வீடு கட்டினால்: சதுர அடி பேக்கேஜ் கம்பெனி, நல்லதும் கெட்டதும்

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் பேசி, கையில் ஒரு ஆப்பைக் கொடுத்து, "நீங்க சைட்டுக்கே வர வேண்டாம், எல்லாத்தையும் போன்லயே பார்த்துக்கலாம்" என்று தனி வீடு கட்டித் தரும் கம்பெனிகள் கோவையில் இப்போது நிறைய ஆகிவிட்டன. அப்படி ஒரு கம்பெனியிடம் கொடுத்து, சரவணம்பட்டியைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே ஒரு மாடி வீடு கட்டி, குடியும் வந்து, ஒரு மழைக்காலமும் பார்த்தாகிவிட்டது. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அந்த மூன்றரை எதற்கு, ஒன்றரை எங்கே போனது என்பதுதான் கீழே. நீளமாகத்தான் இருக்கும். வீடு கட்டப் போகிறவர்கள் மட்டும் பொறுமையாகப் படியுங்கள்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலைந்து இடத்தில் விசாரித்ததில், ஆப்பும் ஒப்பந்த வாசகமும் ஏறக்குறைய ஒரே அச்சுதான், லோகோவின் நிறம்தான் வேறு. அதனால் இங்கே சொல்வது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உதவும்.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் உற்பத்தித் திட்டமிடல் பார்க்கிறேன். அடுத்த வாரம் எந்த மெஷினில் எது ஓடப்போகிறது, அதற்குக் காஸ்டிங் வந்ததா, டிராயிங் முடிவாகிவிட்டதா, யார் ஓகே சொல்ல வேண்டும் என்று துரத்திக்கொண்டே இருப்பதுதான் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இந்த ஆப்பையும் பார்த்தேன். என் கருத்து இதுதான்: நடந்து முடிந்ததைக் காட்டுவதில் இந்த ஆப் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. அடுத்து நாம் எதை, எந்தத் தேதிக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று கேட்பதில் சுத்த மோசம். வீடு கட்டுவதில் பணம் வீணாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது இடத்தில்தான்.

முதலில் விலை. நான் எடுத்தது நடு ரகப் பேக்கேஜ், சதுர அடி 2,350 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. விற்பனைக்கு வந்த பையன் இந்த ஜிஎஸ்டியை முதல் இரண்டு சந்திப்பில் வாயே திறக்கவில்லை. பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் 18 சதவீதம் உண்டு. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் மட்டும் போட்டால் அந்தக் கூலிக்கு வரிவிலக்கு இருக்கிறது, பொருளை நாமே வாங்கும்போது அதற்கான வரி மட்டும் பில்லில் வரும். மேஸ்திரியிடம் கொடுத்தால் எவ்வளவு, கம்பெனியிடம் கொடுத்தால் எவ்வளவு என்று ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், வித்தியாசம் லட்சக்கணக்கில் வரும்.

அப்புறம் "சதுர அடி" என்றால் எந்தச் சதுர அடி? பால்கனி முழுசாகக் கணக்கு, படிக்கட்டுக்கு மேலே உள்ள ஹெட்ரூம் முழுசாகக் கணக்கு, போர்டிகோவும் அப்படியே. சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு எல்லாம் தனி. அஸ்திவாரம் 5 அடி ஆழம் வரைதான் பேக்கேஜில் அடக்கம், பேஸ்மட்டம் 2 அடி வரை. இதெல்லாம் ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது, ஒளித்து வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆப்பின் முதல் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் "மொத்தத் தொகை"யில் இவை எதுவும் கிடையாது.

பிளான் அப்ரூவலுக்கு ஒரு தொகை தனியாகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் இருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். எங்கள் மனை அதற்குள் அடங்கும். அரசுக் கட்டணம் போக, அந்த விண்ணப்பத்தை ஏற்றுவதற்குக் கம்பெனி கேட்ட தொகை அதிகம். பேசிக் குறைக்க முடிந்தது. நீங்களும் பேசுங்கள்.

இனி நல்லது. முதல் நல்லது மண் பரிசோதனை. எங்கள் பக்கம் கருமண் என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அக்கம்பக்கத்து வீடுகளில் காம்பவுண்டு சுவர் சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே புரியும். ஊர் மேஸ்திரியிடம் கேட்டால் "ஆறடி தோண்டிக் கிராவல் போட்டு அடிச்சு நிறுத்திரலாங்க" என்பதுதான் பதில். அது பல இடத்தில் நின்றும் இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்பதைத் தோண்டிய பிறகுதான் சொல்வார்.

கம்பெனி முதல் வேலையாக மண் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பியது. உப்பும் தன்மை அதிகம், கெட்டி மண் பத்தடிக்குக் கீழேதான் என்று ரிப்போர்ட் வந்தது. அதன் பிறகு ஆப்பில் வந்த பக்கத்தை நான் இன்னமும் சேமித்து வைத்திருக்கிறேன். இரண்டு வழிகள், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று, கெட்டி மண் வரை தோண்டித் தூணுக்குத் தூண் தனித்தனிப் புட்டிங் (அடித்தளம்) போடுவது. இன்னொன்று, அடியில் குடம்போல விரியும் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண் போட்டு, அவற்றை இணைத்து மேலே கிரேடு பீம் ஓட்டுவது. கருமண்ணுக்கு என்றே ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த பழைய முறை அது. ஒவ்வொன்றுக்கும் கூடுதல் செலவு எவ்வளவு, வேலை எவ்வளவு தள்ளிப்போகும், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் எதைச் சொல்கிறார், ஏன் சொல்கிறார், நாங்கள் எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் எல்லாம் அந்த ஒரே பக்கத்தில். என் மனைவியும் நானும் சாப்பிட்டுக்கொண்டே பேசி அன்று ராத்திரியே பைலுக்கு ஒப்புதல் கொடுத்தோம். செலவு கூடியதுதான், ஆனால் எதற்குக் கூடியது என்று தெரிந்து கூடியது.

ஒரு முடிவை எப்படிக் கேட்க வேண்டுமோ அப்படிக் கேட்டார்கள். இதே அழகு கடைசி வரை இருந்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

மாற்றங்களுக்கான ஒப்புதலும் அதே மாதிரி நன்றாக இருந்தது. சமையலறை மேடையை நீட்ட வேண்டும், மாடியில் ஒரு ஜன்னல் வேண்டாம் என்று எதைச் சொன்னாலும், கூடும் தொகையோ குறையும் தொகையோ ஆப்பில் வந்து, நாம் ஓகே அழுத்தினால்தான் வேலை நடக்கும். ஜன்னலைக் குறைத்ததற்குப் பணத்தைக் கழித்தார்கள் என்றால் நம்புவீர்களா? மேஸ்திரியிடம் கட்டிய எங்கள் மாமா வீட்டில், முடிவில் "எக்ஸ்ட்ரா" என்று ஒரு பேப்பர் நீட்டி, எது எப்போது யார் சொல்லிச் செய்தது என்று யாருக்கும் ஞாபகமில்லாமல் கடைசியில் உறவே கசந்துபோனது. அந்தச் சண்டை எங்களுக்கு வரவில்லை. இந்த ஒரு வசதிக்காகவே கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன்.

பொருள் வரவும் சுத்தம். கம்பி வந்தால் எடைமேடைச் சீட்டு, டெஸ்ட் சர்டிபிகேட், லாரி போட்டோ மூன்றும் ஏறிவிடும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத் துண்டு பத்தரைக் கிலோவைத் தாண்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை அங்கேயே ஒரு துண்டைத் தூக்கி எடை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. சூப்பர்வைசர் சிரித்தார், பரவாயில்லை.

இப்போது கெட்டது. தினமும் சாயங்காலம் போட்டோக்கள் வரும். பதினைந்து இருபது. முதலில் உற்சாகமாக இருந்தது, துபாயில் இருக்கும் மச்சானுக்கெல்லாம் அனுப்பினேன். போகப்போகத் தெரிந்தது, பெரும்பாலானவை எதற்கும் ஆகாத படங்கள். செங்கல் அடுக்கு, சிமென்ட் மூட்டை, தூரத்தில் நின்று எடுத்த முழுக் கட்டடம். பார்க்க வேண்டியது வேறு. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் இருக்கிறதா, தூணில் வளையங்கள் பீமைச் சேரும் இடத்தில் நெருக்கமாக இருக்கிறதா, கம்பியை ஒட்டும் இடத்தில் போதிய நீளம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா. கான்கிரீட் போட்டபின் இவற்றை யாரும் பார்க்க முடியாது. அந்தப் படங்களைக் கேட்டால்தான் எடுத்து அனுப்பினார்கள். எந்தக் கட்டத்தில் எதைப் படமெடுக்க வேண்டும் என்று ஆப்பே சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குவது மென்பொருளில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அதை விட மோசம் அந்தச் சதவீதக் கோடு. மேல்தளம் கான்கிரீட் போட்டு முடித்த அன்று ஆப்பில் 62 சதவீதம் என்று பச்சையாகக் காட்டியது. எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டுப் பால் காய்ச்ச நாள் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார். உண்மையில் பாதி காலம்கூட ஆகவில்லை. அந்தச் சதவீதம் வேலையின் அளவல்ல, நாம் கட்டிய பணத்தின் அளவு! எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று இருக்கிறதோ, அதையே முன்னேற்றம் என்று திருப்பிக் காட்டுகிறது. பூச்சு, டைல்ஸ், வயரிங், பெயின்ட் என்று பல கைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரவேண்டிய கட்டத்தில் அந்தக் கோடு வாரக்கணக்கில் அசையாமல் நின்றது. அப்போது என்ன நடக்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று ஆப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. போன்தான் போட வேண்டும்.

முடிவு கேட்கிற லட்சணத்துக்கு ஒரு உதாரணம். தரைத்தள ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்தாயிற்று. மறுநாள் காலை கான்கிரீட். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் ஷிஃப்ட் முடிந்து வண்டி எடுக்கும் நேரம், ஆப்பில் ஒரு செய்தி: "சீலிங் எலெக்ட்ரிகல் பாயின்ட் உறுதி செய்யவும்." ஃபேன் பாக்ஸ் எங்கே வரவேண்டும், லைட்டுக்குக் குழாய் எங்கே ஓட வேண்டும் என்பதைக் கம்பி கட்டும்போதே முடிவு செய்து உள்ளே வைத்துவிட வேண்டும், கான்கிரீட் விழுந்தபின் அதை நகர்த்த வழி கிடையாது. ஹாலில் ஒரு ஃபேனா இரண்டா என்பது சோபா எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு வேண்டுமா என்பது அந்த மேசை எங்கே என்பதைப் பொறுத்தது. இதை யோசிக்க எங்களுக்குக் கொடுத்த அவகாசம் ஒரு ராத்திரி. எலெக்ட்ரீஷியன் அண்ணன் டார்ச் வெளிச்சத்தில் கம்பி மேலே நின்றுகொண்டு, "அக்கா, இங்க வச்சிரட்டுங்களா, இல்ல ரெண்டடி அந்தாண்டையா?" என்று என் மனைவியை வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்லாப் எந்த வாரம் என்பது அந்த ஆப்பின் அட்டவணையில் ஆரம்பத்திலேயே இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பு எலெக்ட்ரிகல் டிராயிங் முடிவாக வேண்டும் என்பது புதிதாக வீட்டுக்கு வீடு கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா? பாத்ரூம் தளத்தை எத்தனை இன்ச் பள்ளமாக விட வேண்டும், சுவரில் தொங்கும் கம்மோடு வேண்டுமா தரையில் நிற்பதா, ஏசி வெளி யூனிட் எங்கே, மாடிப்படிக் கைப்பிடி இரும்பா ஸ்டீலா, எல்லாமே இப்படித்தான் வந்தது. முதல்நாள் சாயங்காலம், சிவப்பு எழுத்தில், "வாடிக்கையாளர் தரப்பில் தாமதம்" என்ற எச்சரிக்கையோடு. அந்தக் கடைசி வரி எனக்குப் பயங்கர எரிச்சல். பதிவில் தாமதம் நம்முடையது என்று ஆகிவிடுகிறது, பிறகு தாமதத்துக்கு வாடகை இழப்பீடு கேட்டால் அந்தப் பதிவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

இதற்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை. 1990-களிலேயே கிளென் பேலார்டு, கிரெக் ஹோவெல் என்று இரண்டு பேர் கட்டுமானத் துறைக்கு ஒரு திட்டமிடும் முறையை வகுத்தார்கள். பெரிய அட்டவணை ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த ஆறு வாரத்தில் வரப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் என்ன தடை இருக்கிறது, டிராயிங்கா பொருளா ஆளா முடிவா என்று முன்கூட்டியே பார்த்து நீக்கு, தடை நீங்கிய வேலையை மட்டும் அடுத்த வாரத்துக்கு ஒப்புக்கொள், வாரக் கடைசியில் ஒப்புக்கொண்டதில் எத்தனை முடிந்தது என்று எண்ணிப் பார், முடியாததற்குக் காரணம் எழுது. இவ்வளவுதான் அதன் சாரம். பெரிய காண்டிராக்ட் கம்பெனிகள் சில இதைச் செய்கின்றன. நம் தனிவீட்டுக் கம்பெனிகள் அட்டவணையையும் பச்சைக் கோட்டையும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் அந்தத் தடை நீக்கும் வேலையை விட்டுவிட்டன. பிறகு மென்பொருள் இருந்து என்ன பயன்?

நான் செய்த ஏற்பாடு சாதாரணமானது. ஒரு கூகுள் ஷீட். இடது பக்கம் அவர்கள் அட்டவணையில் உள்ள வேலைகள், வலது பக்கம் அதற்கு முன் நாங்கள் சொல்ல வேண்டியது என்ன என்று ஞாயிற்றுக்கிழமை எழுதி, திங்கள் காலை புராஜெக்ட் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவருக்கே அது பிடித்துவிட்டது, "சார் இதை என் மத்த சைட்டுக்கும் எடுத்துக்கலாமா" என்று கேட்டார். நல்ல மனுஷன்தான், ஒரே சமயத்தில் பத்துக்கு மேல் சைட் அவர் தலையில். வாரத்துக்கு ஒரு முறை வந்தாலே பெரிது.

மேல்தளம் கான்கிரீட் போட்ட நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நல்லதும் கெட்டதும் ஒரே நாளில் நடந்ததால். ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட், எம்25 ரகம், ஆறு கியூபிக் மீட்டர் வண்டிகள். முதல் வண்டி சரியாக வந்தது. இரண்டாவது எங்கேயோ டிராஃபிக்கில் மாட்டி ரொம்பத் தாமதமாக வந்து நின்றது. டிரைவர் நீட்டிய பேட்ச் சீட்டில் கலவை ஏற்றிய நேரம் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 4926 ஏற்றியதில் இருந்து இறக்கி முடிக்கப் பொதுவாக இரண்டு மணி நேரம்தான் என்கிறது. கலவை இறுகியிருப்பது பார்த்தாலே தெரிந்தது, வண்டியோடு வந்த பையன் தண்ணீர் ஹோஸைக் கையில் எடுத்துவிட்டான். தண்ணீர் விட்டால் ஓடும், ஆனால் பலம் போய்விடும்.

சைட்டில் இருந்த சூப்பர்வைசர் பாலிடெக்னிக் முடித்து இரண்டு வருஷம் இருக்கும் பையன். தப்பு என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. ஹோஸைப் பிடுங்கி வைத்துவிட்டார். ஆனால் வண்டியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேனேஜர் போனை எடுக்கவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே இருபது பேர் மம்மட்டியோடு நிற்கிறார்கள், ஆளாளுக்குச் சத்தம். கடைசியில் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு எஞ்சினியர் அம்மா வீடியோ காலில் வந்து, "சீட்டைக் காட்டுங்க" என்றார், பார்த்தார், "திருப்பி அனுப்புங்க, மாத்து வண்டிக்கு நான் பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். அரை நிமிஷ வேலை. மாற்று வண்டி, போட்ட ஓரம் இறுகும் முன்பே வந்து சேர்ந்தது. அந்த அம்மாவுக்கு மட்டும் ஐந்துக்கு ஆறு கொடுப்பேன்.

இதில் சிரிப்பு என்னவென்றால், இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோது நான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். "ஸ்லாப் கான்கிரீட் தரச் சரிபார்ப்பு" பட்டியலில் அத்தனையும் பச்சை டிக். "கலவை நேரம் சரி" உட்பட. முதல் வண்டி வருவதற்கு முன்பே காலையில் மொத்தமாக டிக் அடித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காதாம். யார் எதை முடிவு செய்யலாம் என்று ஆட்களுக்குச் சொல்லாமல் டிக் பட்டியலை மட்டும் நீளமாக்கினால் இப்படித்தான் ஆகும்.

கியூப் டெஸ்ட் (கான்கிரீட்டைக் கட்டியாக வார்த்து நசுக்கிப் பலம் பார்ப்பது) எடுத்தார்கள், 7 நாள், 28 நாள் ரிப்போர்ட் இரண்டும் வந்தது, பலம் சரியாகவே இருந்தது. ஆனால் ஒரே ஒரு செட், அதாவது ஒரு மாதிரிதான். 16 முதல் 30 கியூபிக் மீட்டர் வரை போட்டால் மூன்று மாதிரி எடுக்க வேண்டும் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456 சொல்கிறது. கேட்டேன், டிக்கெட் போடச் சொன்னார்கள், டிக்கெட் போட்டேன், "பரிசீலனையில்" என்று ஒரு மாதம் கிடந்து தானாகவே மூடிக்கொண்டது.

மென்பொருளை விட மேஸ்திரி விவரமாக இருந்த இடமும் உண்டு. ஸ்லாபுக்கு அடியில் உள்ள முட்டுகளை ஏழாம் நாளில் பிரிக்கலாம் என்று ஆப் அட்டவணை தானாகவே தேதி போட்டிருந்தது. சிறிய அறைகளுக்கு அது சரி, 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் ஏழு நாள் போதும். எங்கள் ஹால் அதைத் தாண்டும், அதற்கு 14 நாள் நிற்க வேண்டும். சென்ட்ரிங் ஆட்கள் பலகையை அடுத்த சைட்டுக்கு எடுக்க வண்டியோடு வந்துவிட்டார்கள். மேஸ்திரி குறுக்கே நின்று, "ஹால் பெரிசுங்க. ஆப்புல என்ன வேணா போட்டிருக்கட்டும், நான் சொல்ற வரைக்கும் ஒரு முட்டுல கை வைக்கப்படாது" என்று திருப்பி அனுப்பினார். அவருக்கு ஐ.எஸ். நம்பர் எதுவும் தெரியாது. அந்தத் தகவலை ஆப்பில் பதிவு செய்ய அவருக்கு ஒரு லாகின்கூடக் கிடையாது என்பதுதான் எனக்குப் பெரிய குறை. சைட்டில் தினமும் பத்து முடிவு எடுக்கிறவர் அவர், ஆப்பில் அவர் பெயரே இல்லை.

ஒரு சின்ன விஷயம், சும்மா சொல்லி வைக்கிறேன். சென்னை ஐஐடி வளாகத்தில் 2021-லேயே 3டி பிரிண்டரில் 600 சதுர அடி வீடு கட்டிக் காட்டிவிட்டார்கள். எங்கள் சைட்டில் லெவல் பார்த்தது தண்ணீர் நிரப்பிய டியூபில். ஆப்பில் "லேசர் லெவல் பரிசோதனை முடிந்தது" என்று இருந்தது. டியூப் லெவலும் சரியாகத்தான் இருக்கும், டைல்ஸ் போட்டபின் ஒரு இடத்திலும் தண்ணீர் தேங்கவில்லை. எழுதுவதை உள்ளபடி எழுதலாம் இல்லையா?

பணம் கட்டும் முறை. கட்டம் கட்டமாக எஸ்க்ரோ கணக்கில் (இரு தரப்புக்கும் நடுவே பணத்தை நிறுத்தி வைக்கும் கணக்கு) போட்டு, அந்தக் கட்டம் முடிந்ததை நாம் ஒப்புக்கொண்டபின் கம்பெனிக்கு விடுவிக்கிறார்கள். முன்பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிய காண்டிராக்டர் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் சிறிய எழுத்தைப் படியுங்கள்: மூன்று நாளில் நாம் பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு பணம் தானாகப் போய்விடும். திருப்பதி போய்விட்டு வருவதற்குள் ஒரு கட்டப் பணம் போயிருக்கும். இதைக் கையெழுத்துக்கு முன் பேசி ஏழு நாளாக மாற்றிக்கொண்டேன், முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அதே மாதிரி கடைசி 5 சதவீதத்தைச் சாவி கொடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் கொடுப்பேன் என்றும் எழுதி வாங்கினேன். மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்த்ததில் ஒரு மூலையில் கசிவு தெரிந்தபோது, அந்த 5 சதவீதம் அவர்களிடம் இல்லாமல் எங்களிடம் இருந்ததால்தான் ஆட்கள் இரண்டே நாளில் வந்தார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

யாருக்கு இது ஒத்துவரும்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், சிமென்ட் கடைக்கும் கம்பிக் கடைக்கும் அலைய நேரமில்லாதவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது நேரில் போய் நிற்க உங்கள் தரப்பில் ஒருவர் வேண்டும். மொத்தமும் போனிலேயே நடக்கும் என்பது விற்பனைப் பேச்சு. நம்பிக்கையான மேஸ்திரி கையில் இருந்து, தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஒரு ரிட்டயர்டு அப்பாவோ மாமனாரோ இருந்தால் கூலி ஒப்பந்தமே லாபம். ஒரு சிவில் எஞ்சினியருக்குத் தனியாகப் பணம் கொடுத்து முக்கியமான கட்டங்களில் மட்டும் வரச்சொல்லுங்கள், அந்தச் செலவையும் சேர்த்தாலும் மிச்சம்தான்.

கடைசியாக வாரன்டி. விளம்பரத்தில் "10 வருட வாரன்டி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது தூண், பீம், ஸ்லாப் போன்ற கட்டமைப்புக்கு மட்டும். கசிவுக்கு ஒரு வருஷம், பூச்சில் வரும் வெடிப்புக்கு அதுவும் இல்லை. அடுக்குமாடி வாங்குபவர்களுக்கு ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஐந்து வருஷப் பொறுப்பைப் பில்டர் மேல் வைக்கிறது, நம் சொந்த மனையில் நமக்காகக் கட்டும் தனி வீட்டுக்கு அது பொருந்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் அங்கே கையில் இருக்க வேண்டியது ஒப்பந்தம்தான். எனவே வாரன்டி பக்கத்தைத் தனியாகக் கேட்டு வாங்கிப் படித்து, கசிவுக்கு மூன்று வருஷமாவது எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு வருஷத்துக்கு இறங்கி வந்தார்கள். பிடிஎஃபில் அந்தப் பக்கம் பேக்கேஜ் படங்களெல்லாம் முடிந்தபிறகு, கடைசிக்கு முந்தினதாக இருக்கும்.